கைக்குள்ள ஒரு ரயில்... அதுக்குள்ள ஒரு வரலாறு!

'பொம்மை ரயில்தானே'ன்னு சாதாரணமா நினைச்சுடாதீங்க. அயர்லாந்தில் மாடல் ரயில் சேகரிக்கிறவங்களுக்கு, அது ஊர் வரலாற்றைத் திறக்கும் சாவி.

அங்கே முதல் ரயில்பாதை 1834-ல் டப்ளினில் தொடங்கியது. அப்புறம் நாடு முழுக்கப் பரவிய பாதைகளில் பல, 20-ம் நூற்றாண்டில் மூடப்பட்டன. அந்த ரயில்களில் பலவற்றை இன்னைக்கு மாடலாத்தான் பார்க்க முடியும்.

கலரே காலத்தைச் சொல்லிடும். 1955-ல் வந்த 'ஏ கிளாஸ்' டீசல் இன்ஜின் முதலில் வெள்ளி நிறம். பிறகு பச்சை, கறுப்பு. 1970-களில் ஆரஞ்சு!

தண்டவாளத்திலும் ஒரு கதை இருக்கு. அயர்லாந்தின் அகலப் பாதை 1,600 மி.மீ, பிரிட்டனில் 1,435 மி.மீ. 76-ல் ஒரு பங்கா சுருக்கினா, ஐரிஷ் பாதை 21 மி.மீ வரணும். ஆனா, கடையில் கிடைப்பது 16.5 மி.மீ தண்டவாளம். அதனால் சிலர் சொந்தமாவே 21 மி.மீ பாதை செஞ்சுக்கிறாங்க.

டப்ளின் இன்சிகோர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த சிரில் ஃப்ரை, கையாலேயே உருவாக்கிய மாடல்கள் இப்போ மாலஹைட் மியூசியத்தில் இருக்கு.

நீங்களும் சேகரிக்க ஆசையா? கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காதீங்க. ஒரு பாதை, ஒரு காலகட்டத்தைத் தேர்ந்தெடுங்க. பழைய மேப்பில் அதைத் தேடுங்க. முடிஞ்சா நேரில் போங்க. 1937-ல் மூடப்பட்ட வெஸ்ட்போர்ட் - அக்கில் பாதையில் இன்னைக்கு சைக்கிளிலேயே போகலாம்!