உப்புத் தண்ணியில் கரண்ட்! கூடவே கொப்பளிக்குது ஹைட்ரஜன்! மந்திரமா, மோசடியா?

மாத்தூர்:
"தண்ணியில விளக்கு எரியுதாம், கேஸும் வருதாம்!" மாத்தூர் டீக்கடையில் யாராவது இப்படிச் சொன்னால், "1996-ல மூலிகை பெட்ரோலு, இப்ப இதுவா?" என்று நாலு பேர் சிரிப்பார்கள். ஆனால் இது மோசடி அல்ல. கணக்கு தெரியாவிட்டால்தான் ஏமாற வேண்டி வரும்!

ஒரே தொட்டி, ரெண்டு சரக்கு

கடல் தண்ணீரில் ஒரு மெக்னீசியத் தகடு, எதிரே ஒரு எஃகுத் தகடு. இரண்டையும் ஒயரால் இணைத்தால் மெக்னீசியம் கரையும், ஒயரில் கரண்ட் ஓடும். அதே நேரம் எஃகுத் தகட்டில் குமிழி குமிழியாக ஹைட்ரஜன் கிளம்பும். ஒரு தொட்டியில் 1 வோல்ட் கூடத் தேறாது. பல தொட்டிகளை வரிசையாகக் கோத்தால்தான் பல்பு எரியும்.

மீனவருக்கு 'ரோஷ்ணி'

உப்புத் தண்ணீரில் எரியும் விளக்கு சென்னையிலேயே தயாரானது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'ரோஷ்ணி' விளக்கை 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் அறிமுகப்படுத்தினார். மீனவர்களை மனதில் வைத்துச் செய்தது. கடல் தண்ணீர் இல்லையா? சாதாரணத் தண்ணீரில் உப்பைக் கரைத்தாலும் போதும்!

தின்று தீர்ப்பது எது?

எரிவது தண்ணீர் அல்ல, கரைகிற உலோகம்தான். 1 கிலோ மெக்னீசியம் முழுசாகக் கரைந்தாலும் கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் 83 கிராம். மிச்சம் வெள்ளைச் சேறு. தகடு தீர்ந்தால் கரண்டும் அவுட்! அந்த உலோகத்தைத் தயாரிக்கச் செலவாகும் சக்தியோ, திரும்பக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு.

பக்கத்து மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளுக்கு, டீசலில் கந்தகம் நீக்க ஹைட்ரஜன் வேண்டும். பெரும்பாலும் நாப்தா அல்லது இயற்கை எரிவாயுவில் இருந்து எடுக்கிறார்கள். 1 கிலோ எடுத்தால் 9, 10 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. அதற்குப் பதில் இந்தத் தொட்டி உதவுமா? 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 12 கிலோ மெக்னீசியம் கரைய வேண்டும். கட்டுப்படி ஆகாது! படகு விளக்குக்குச் சரி, ஆலைக்குச் சரிவராது.

உஷார்!

ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்து ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். மூடிய அறையில் சோதனை வேண்டாம்!

"தண்ணியிலேயே வண்டி ஓடும், அட்வான்ஸ் கொடுங்க" என்று யாராவது வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "தகடு கிலோ என்ன விலை சார்?"