எஸ்பிரஸோ இயந்திரம் வாங்குமுன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

காபி என்றதும் நம் நினைவுக்கு வருபவை பித்தளை பில்டரும், டவரா தம்ளரும், நுரை பொங்க ஆற்றும் கையும்தான். அண்மைக் காலமாகச் சில வீடுகளின் சமையல் மேடையில் புதிய விருந்தாளி ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது. அதுவே எஸ்பிரஸோ இயந்திரம். அதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று தோழியர் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இயந்திரம் கிடையாது. ஆயினும், அதைப் பற்றி ஒருவருக்குத் தவறான யோசனை சொன்னவள் நான். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

என் தாயார் நகரில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் சமையல் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு அந்த ஐயா எஸ்பிரஸோ இயந்திரம் வாங்க விரும்பினார். “ஏம்மா, உன் பொண்ணு பிசிக்ஸ்தானே படிக்குது? ரெண்டு மிஷின் பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணுல 15 பார்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 20 பார். எது நல்லதுன்னு கேட்டுட்டு வா” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னிடம் கேட்டு வரச் சொன்னார்கள் என்பதில் அன்று மாலை அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பார் என்பது அழுத்தத்தின் அலகு. 1 பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். 15-ஐ விட 20 பெரிது. நான் யோசித்தது இவ்வளவே. “20 பார் வாங்கச் சொல்லும்மா” என்றேன்.

வாங்கிவிட்டார். அதன் விலை அம்மாவின் நான்கு மாதச் சம்பளம். இயந்திரத்தை இயக்கும் வேலையும் அம்மாவுக்கே வந்தது. பொத்தானை அழுத்தினால் எட்டே வினாடியில் காபி சோவென்று கொட்டியது. தம்ளர் கழுவிய நீர் போல இருந்தது. அம்மா தூளைக் கூட்டிப் பார்த்தார், பலங்கொண்ட மட்டும் அமுக்கிப் பார்த்தார், பயனில்லை. “20 பார் மிஷின்மா இது. உனக்குத்தான் இன்னும் கை பழகலை” என்றாராம் ஐயா. பத்து நாட்கள் அம்மா அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்தார். பிழை அவர் கையில் இல்லை, என் விடையில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் பின்னர் நூலகத்திலும் கணிப்பொறியிலும் தேடிப் படித்ததையும், கண்ணால் கண்டதையும் இங்கே சொல்கிறேன்.

நம் பில்டரில் காபி இறங்குவது புவியீர்ப்பால். தூளின் மேல் நிற்கும் நீரின் உயரம் ஆறேழு சென்டிமீட்டர். அது தரும் அழுத்தம் மிகச் சொற்பம். அதனால்தான் டிகாக்ஷன் இறங்கக் கால் மணிக்குக் குறையாமல் ஆகிறது. எஸ்பிரஸோவில் இதே வேலை 25 முதல் 30 வினாடிகளில் முடிய வேண்டும். மாவு போன்ற நுண்ணிய தூளை ஒரு சிறு சல்லடைக் கிண்ணத்தில் இட்டு, வில்லை போல அமுக்கி, சுமார் 93 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரை 9 பார் அழுத்தத்தில் அதனூடே செலுத்துகிறார்கள். 9 பார் அழுத்தத்தைப் புவியீர்ப்பால் பெற வேண்டுமானால் பில்டருக்கு மேல் 300 அடி உயரத்துக்கு நீர் நிற்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையும் மிஞ்சும் உயரம் அது. ஐயா வீட்டு இயந்திரத்தின் கிண்ணம் 51 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அந்தப் பரப்பின் மீது 9 பார் செலுத்தும் விசையைக் கணக்கிட்டேன். சுமார் 187 கிலோ எடைக்குச் சமமாக வந்தது. நம் வகுப்பில் மூவர் அந்தத் தூள் வில்லையின் மேல் ஏறி நிற்பதாகக் கொள்ளலாம்.

இந்த 9 பார் ஒரே நாளில் வந்ததன்று. இத்தாலியில் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோண்டோ 1884-இல் நீராவியால் இயங்கும் காபி இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரத்து லூயிஜி பெத்ஸெரா 1901-இல், குவளை குவளையாகக் காபி தரும் இயந்திரத்தை அமைத்தார். இவற்றில் அழுத்தம் நீராவியிலிருந்தே வந்தது; ஒன்று, ஒன்றரை பாருக்கு மேல் ஏறாது. வெப்பமோ மிகுதி. ஆகவே காபியில் கருகல் சுவை இருந்தது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் பிரித்தவர் அச்சிலே காஜ்ஜியா. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், 1940-களின் இறுதியில், அவர் நெம்புகோலும் வில்சுருளும் கொண்டு நீரை அழுத்தினார். நீராவியால் எட்ட முடியாத அழுத்தம் கிட்டியது. காபியின் மேல் முதன்முறையாகப் பொன்னிற நுரை படிந்தது. 1961-இல் வந்த ஃபாயிமா இ-61 என்னும் இயந்திரத்தில் கையின் வேலையை மின்சாரப் பம்பு ஏற்றுக்கொண்டது. இன்று வீட்டு இயந்திரங்களில் இருப்பது இந்தப் பம்பின் சிறு தம்பிதான். (நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் உஸ் என்று நீராவி விட்டு, மேலே கோகோ தூவித் தந்த “எஸ்பிரஸோ காபி” பெரும்பாலும் பாலை நீராவியால் நுரைக்கச் செய்த காபிதான். அதில் தூளை அழுத்திப் பிழியும் வேலையே இல்லை. சுவை இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.)

அப்படியானால் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள 15, 20 என்பவை என்ன? இதை எனக்கு விளக்கியவர் எந்தப் பேராசிரியரும் அல்லர்; மோட்டார் பம்பு பழுது பார்க்கும் என் மாமா. கிணற்று மோட்டாரின் தகட்டில் அதிகபட்ச ஹெட் இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். “அந்த உசரத்துக்குக் குழாயைக் கொண்டு போனா ஒரு சொட்டுத் தண்ணி விழாது பாப்பா. அதுவரைக்கும் தள்ளிட்டு நின்னுடும்னுதான் அதுக்கு அர்த்தம்” என்றார். காபிப் பம்பும் அப்படியே. 15 என்பது நீரோட்டம் அடியோடு நின்றுபோன நிலையில் அது காட்டக்கூடிய உச்ச அழுத்தம். நீர் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும். நல்ல இயந்திரங்களில், 9 அல்லது 10 பாரைத் தாண்டினால் மிகுதி நீரைத் திருப்பி விடும் வால்வு ஒன்றும் உண்டு. தேவை 9 என்றிருக்க, 15-ஐயும் 20-ஐயும் ஒப்பிட்டு விலை கொடுப்பதில் பொருளில்லை.

அழுத்தம் போதுமான அளவு இருந்தும் காபி ஏன் கொட்டியது? நாம் முதலாண்டில் பாகியல் பாடத்தில் பாய்சொய் சமன்பாட்டைப் படித்தோம். நுண்குழாயின் ஆரம் சிறிது மாறினால் நீரோட்டம் பெரிதும் மாறும் என்று எழுதி நான் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். காபித் தூள் வில்லையும் ஆயிரக்கணக்கான நுண்வழிகளின் தொகுப்பே. இத்தகைய நுண்துளைப் படுகைக்கு உரிய விதியை 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி வெளியிட்டார். அதன்படி அழுத்தம் இரு மடங்கானால் நீரோட்டமும் இரு மடங்கு. ஆனால் துகளின் விட்டம் இரு மடங்கானால், கோட்பாட்டளவில் நீரோட்டம் நான்கு மடங்கு. அதாவது காபி எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பம்பை விடத் தூளின் நயத்துக்கே அதிகாரம் மிகுதி. ஐயா வீட்டில் போட்டது பில்டருக்காக அரைத்த பாக்கெட் தூள். எஸ்பிரஸோவுக்கு அது பருமன். போதாததற்குச் சிக்கரியும் கலந்தது. அம்மா எவ்வளவு அமுக்கினால்தான் என்ன?

ஆகவே எஸ்பிரஸோ இயந்திரம் வாங்க எண்ணுபவர் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தையே அன்று. கொட்டை அரைக்கும் கருவியை. கையில் நூறு ரூபாய் இருந்தால் நாற்பதை அதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மிக்ஸி உதவாது. அதன் கத்தி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. பொடியும் குருணையும் கலந்தே வரும். வரப்பு உடைந்த வயலில் உடைப்பின் வழியே மட்டும் நீர் ஓடி மற்ற இடமெல்லாம் காய்வது போல, இத்தகைய தூளில் நீர் இளகிய வழி ஒன்றைக் கண்டுபிடித்து ஓடிவிடும். வேண்டியது, இரு பற்சக்கரங்களுக்கு இடையே அரைத்து, இடைவெளியைச் சிறுகச் சிறுக மாற்றித் தரும் கருவி. மின்சாரக் கருவி விலை கூடுதல் என்றால் கையால் சுழற்றுவது உண்டு. இரண்டொரு பேருக்கு அது தாராளம்.

அரைக்கும் கருவி வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்காகவே, பல இயந்திரங்களுடன் இரட்டைத் தளச் சல்லடை ஒன்றைத் தருகிறார்கள். அதன் அடித்தளத்தில் ஒரேயொரு ஊசித் துளை இருக்கும். தூள் தர வேண்டிய தடையை அந்தத் துளை தந்துவிடுகிறது; நுரையும் வருகிறது. ஆனால் அது துளையில் பீச்சியடித்து உண்டான நுரை. உண்மை நுரை என்பது, வறுத்த கொட்டையில் அடைபட்டிருந்த கரியமில வாயு அழுத்தத்தில் கரைந்து, குவளைக்கு வந்ததும் வெளிப்படுவதால் எழுவது. பழைய கொட்டையில் வாயு போய்விடும், நுரையும் போய்விடும். கடைத்தூளுடன் காலம் தள்ள விரும்புபவர் இரட்டைத் தளச் சல்லடையையே போட்டுக்கொள்ளட்டும், தவறில்லை. எங்கள் ஐயா ஏதோ படக்காட்சியைப் பார்த்துவிட்டு, அது போலி என்று ஒதுக்கச் சொல்லியிருந்தார். எட்டு வினாடிக் காபியின் கதை இதுதான்.

அடுத்தது வெப்பம். காபிக்கு 93 டிகிரி போதும்; பாலை நுரைக்கச் செய்யும் நீராவிக்கோ 120 டிகிரிக்குக் குறையாமல் வேண்டும். ஒரே கொதிகலன் உள்ள இயந்திரத்தில் காபி பிழிந்தபின் சூடேறக் காத்திருந்து, பால் நுரைத்தபின் மறுபடி ஆறக் காத்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஐந்து பேர் பால் காபி கேட்கும் வீட்டில் இது ஆகாது. இரண்டு கொதிகலன்கள் உள்ளவையும், ஒரே கொதிகலனுக்குள் தனிக் குழாய் ஓடுபவையும் இக்குறையைத் தீர்க்கும், விலையோ பன்மடங்கு. ஆனால் நம் வீடுகளில் பால் எப்படியும் அடுப்பில்தான் காய்கிறது. எஸ்பிரஸோவை டிகாக்ஷன் இடத்தில் வைத்து, காய்ச்சிய பாலை ஊற்றி ஆற்றிக்கொண்டால் நீராவிக்காகப் பணம் கொட்ட வேண்டியதில்லை. இத்தாலியர் இதைக் கேட்டால் வருந்தக்கூடும்.

மின்சாரத்தையும் நீரையும் பற்றி விற்பவர் எவரும் பேசுவதில்லை. வீட்டு இயந்திரங்கள் பல 1400 வாட் அளவில் மின்சாரம் இழுப்பவை. 230 வோல்ட்டில் அது 6 ஆம்பியரைத் தாண்டும். ஆகவே மிக்ஸி செருகும் சிறிய பிளக் பாயிண்டு போதாது. 16 ஆம்பியர் பாயிண்டு வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் 120 வோல்ட் இயந்திரத்தை இங்கே செருகுவது அதற்குச் செய்யும் ஈமச் சடங்கு. ஆழ்துளைக் கிணற்று நீர், வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரையைக் கொதிகலனிலும் படிய வைக்கும். கையேடு சொல்லும் முறைப்படி எலுமிச்சை உப்புக் கரைசல் ஓட்டி அதைக் கரைக்கலாம்; அதைவிட, கடினத்தன்மை குறைந்த நீரை ஊற்றுவது மேல்.

மாத்திரை போன்ற குப்பிகளைச் செருகும் இயந்திரங்களும் உண்டு, வேலை எளிது. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு குப்பி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதை மறந்துவிடுகிறோம். மின்சாரமே வேண்டாத கை நெம்புகோல் கருவிகளும் கிடைக்கின்றன. வெந்நீர் மட்டும் இருந்தால் மின்வெட்டிலும் காபி வரும். பணம் மிகக் குறைவென்றால், 1933-இல் அல்ஃபோன்ஸோ பியாலெத்தி உருவாக்கிய மோக்கா கெண்டியே போதும். அதன் அழுத்தம் ஓரிரு பார்தான். எஸ்பிரஸோ என்று சொல்ல முடியாது. ஆனால் கெட்டி டிகாக்ஷன் விரும்பும் நம் நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

ஐயாவிடம் என் பிழையை ஒப்புக்கொள்ள நானே சென்றேன். வாசலில் நிற்கும்போது நாக்கு உலர்ந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை, டார்சி விதியைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். அடுத்த வாரம் கையால் சுழற்றும் அரைப்புக் கருவியும் சிக்கரி கலவாத கொட்டையும் வந்தன. முதல் நாள் மிக நைசாக அரைத்துவிட்டோம். பம்பு முனகியது, காபி சொட்டவே இல்லை. இடைவெளியை இரண்டு பல் தளர்த்தினோம். 15 கிராம் தூளில் 30 கிராம் காபி, 27 வினாடியில், தேன் போல இறங்கியது. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். “உன் கையில ஒண்ணும் குறையில்லைம்மா” என்றார் ஐயா.

இப்போது மழை நாளில் ஒரு பல், வெயில் நாளில் ஒரு பல் என்று அம்மாவே திருகிக்கொள்கிறார். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் பித்தளை பில்டர் காபிதான். 16 ஆம்பியர் பாயிண்டு இல்லை.