பனிச்சாலைகளில் நான்கு சக்கர இயக்கம்

பனிச்சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் என்பது, வெண்பனியோ பனிக்கட்டியோ படிந்த சாலைகளில் எஞ்சினின் ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தித் தானுந்தை ஓட்டும் முறை ஆகும். பேச்சுவழக்கில் இது ஃபோர் வீல் டிரைவ் என்றும், ஊர்திகளின் பின்புறத்தில் பொறிக்கப்படும் 4×4 என்னும் குறியாலும் அறியப்படுகின்றது. நான்கு சக்கரங்கள் உள்ள ஊர்திகள் அனைத்தும் இவ்வகையைச் சார்ந்தவை அல்ல. பெரும்பாலான தானுந்துகளில் முன்னிரு சக்கரங்களையோ பின்னிரு சக்கரங்களையோ மட்டுமே எஞ்சின் சுழற்றுகின்றது. மற்ற இரண்டும் உடன் உருள்வன.

இழுவையும் உராய்வும்

சக்கரம் சாலையைப் பின்னோக்கித் தள்ளுவதாலேயே தானுந்து முன்னோக்கி நகர்கின்றது. அவ்வாறு தள்ளக்கூடிய விசையின் உச்ச அளவு, அச்சக்கரத்தின் மேல் உள்ள எடையையும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவையும் பொறுத்தது. உலர்ந்த தார்ச்சாலையில் இக்கெழு ஏறத்தாழ 0.7 முதல் 0.8 வரை இருக்கும். இறுகிய வெண்பனியில் 0.2 அளவுக்கும், வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழேயும் குறைந்துவிடும்.

இருசக்கர இயக்கத்தில் ஊர்தியின் எடையில் ஏறத்தாழ பாதி மட்டுமே இழுவைக்குப் பயன்படுகின்றது. நான்கு சக்கர இயக்கத்தில் முழு எடையும் பயன்படுகின்றது. எடுத்துக்காட்டாக, உராய்வுக் கெழு 0.2 உள்ள இறுகிய பனியில், நான்கு சக்கரங்களும் இயங்கும் ஊர்தி 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயரும் சரிவு வரை ஏற இயலும். அதே ஊர்தியில் இரு சக்கரங்கள் மட்டும் இயங்கினால் 10 மீட்டர் உயரும் சரிவே ஏறத்தாழ எல்லையாகும். மலைச்சாலைகளில் இவ்வேறுபாடு மிக முதன்மையானது.

நிறுத்துதலும் திரும்புதலும்

மேலே கூறிய நன்மை முடுக்கத்திற்கும் ஏற்றத்திற்கும் மட்டுமே உரியது. எவ்வகைத் தானுந்து ஆயினும் தடுப்பான்கள் நான்கு சக்கரங்களிலும் உள்ளன. எனவே, பிரேக்கை அழுத்தியபின் நான்கு சக்கர இயக்க ஊர்திக்குத் தனிப்பட்ட சிறப்பு ஏதும் இல்லை. மணிக்கு 50 கிமீ விரைவில் செல்லும் ஊர்தி, உராய்வுக் கெழு 0.7 உள்ள சாலையில் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கும். கெழு 0.2 எனில் 49 மீட்டரும், 0.1 எனில் 98 மீட்டரும் தேவைப்படும். ஓட்டுநர் இடரை உணர்ந்து பிரேக்கை மிதிக்கும் வரை கடக்கும் தொலைவு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

வளைவுகளிலும் நிலைமை இதுவே. ஒரு டயர் தாங்கக்கூடிய மொத்த விசைக்கு ஒரு வரம்பு உண்டு. முடுக்கம், நிறுத்தம், பக்கவாட்டுப் பிடிப்பு ஆகிய மூன்றும் அந்த ஒரே வரம்பைப் பகிர்ந்து கொள்கின்றன. எனவே விரைவைத் திருப்பத்திற்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

இருசக்கர இயக்க ஊர்தி புறப்படும்போதே சறுக்கி, சாலை வழுக்குகின்றது என்பதை ஓட்டுநருக்கு உணர்த்திவிடும். நான்கு சக்கர இயக்க ஊர்தியோ தயக்கமின்றி விரைவெடுக்கும்; வழுக்கலை ஓட்டுநர் முதன்முறை உணர்வது பிரேக்கை மிதிக்கும்போதாக இருக்கக்கூடும். இக்கருவி தரும் பொய்யான துணிவே இதன் பெரிய குறை எனலாம். ஆளில்லாத நேர்ச்சாலையில் மெதுவாகச் செல்லும்போது ஒருமுறை பிரேக்கை மெல்ல அழுத்திப் பிடிப்பைச் சோதித்துக் கொள்வது நல்லது.

வகைகள்

பகுதிநேர வகையில் ஓட்டுநரே நெம்புகோல் அல்லது பொத்தான் மூலம் முன் அச்சை இணைக்கின்றார். 2எச் என்பது இருசக்கர இயக்கம், 4எச் என்பது வழக்கமான விரைவுக்குரிய நான்கு சக்கர இயக்கம், 4எல் என்பது மிகக் குறைந்த விரைவில் மிகுந்த முறுக்குவிசை தருவது. பனிச்சாலையில் பெரும்பாலும் 4எச் போதுமானது. 4எல், ஆழ்ந்த பனியில் சிக்கிய ஊர்தியை மீட்கவும் செங்குத்தான இறக்கத்தில் மெதுவாக இறங்கவும் உரியது.

திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. பகுதிநேர வகையில் பொதுவாக நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், இவ்வேறுபாட்டை டயர்கள் சற்றுச் சறுக்கியே ஈடுசெய்ய வேண்டும். பனியில் இது எளிதாக நிகழும். உலர்ந்த சாலையிலோ டயர்கள் சறுக்காமல் அச்சுகளும் பல்லிணைகளும் முறுக்கேறி, திருப்புதல் கடினமாகி, நாளடைவில் உறுப்புகள் பழுதாகும். எனவே பனி விலகிய பகுதியை அடைந்ததும் 2எச் நிலைக்கு மாற்ற வேண்டும்.

முழுநேர வகையிலும் தானியங்கி வகையிலும் இக்கவலை இல்லை. 1980 ஆம் ஆண்டு ஜெனீவா தானுந்துக் கண்காட்சியில் அறிமுகமான அவுடி குவாட்ரோ, முழுநேர வகையைப் பரவலாக அறியச் செய்தது. பின்லாந்தின் பனியில் 1977 இல் நடந்த சோதனைகளின்போது, ஆற்றல் குறைந்த ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்னும் நான்கு சக்கர இயக்க ஊர்தி, ஆற்றல் மிக்க பிற தானுந்துகளை விஞ்சியதே இதற்குத் தூண்டுதலாக அமைந்தது.

இவ்வகைகள் எதிலும், ஓர் அச்சில் உள்ள எளிய டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் பனிக்கட்டியில் வீணே சுழன்றால் மறு சக்கரமும் செயலிழக்கும். டிஃபரன்ஷியல் பூட்டும் மின்னணு இழுவைக் கட்டுப்பாடும் இதற்காகவே பொருத்தப்படுகின்றன.

டயர்களும் சட்டங்களும்

பிடிப்பைத் தருவது இறுதியில் டயரே. கோடைக்கால டயரின் இரப்பர் ஏறத்தாழ 7 °செ வெப்பநிலைக்குக் கீழே இறுகத் தொடங்குகின்றது. குளிர்கால டயர் மென்மை குறையாத இரப்பரால் ஆனது. அதன் நுண்கீறல்கள் பனியைப் பற்றிக் கொள்கின்றன. மலையும் பனித்திவலையும் கொண்ட சின்னம் இவ்வகை டயர்களில் காணப்படும்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சங்கிலி விதிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆர்2 நிலையில் பிற ஊர்திகள் சங்கிலி பூட்ட வேண்டும். நான்கு சக்கரங்களிலும் பனி டயர் உள்ள நான்கு சக்கர இயக்க ஊர்திகளுக்கு விலக்கு உண்டு, எனினும் சங்கிலியை உடன் வைத்திருக்க வேண்டும். ஆர்3 நிலையில் எவ்வூர்திக்கும் விலக்கு இல்லை. இந்தியாவில், இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து 2020 இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதைக்குச் செல்லும் சாலையில், பனிப்பொழிவின்போது நான்கு சக்கர இயக்க ஊர்திகளை மட்டும் காவல்துறை அனுமதிப்பது உண்டு.

பனியில் சிக்கினால்

சக்கரங்களை விரைவாகச் சுழற்றுவது பனியை உருக்கி மேலும் வழுக்கச் செய்யும். டயர்களைச் சுற்றியுள்ள பனியை அகற்றி, மணல் தூவி, உயர் கியரில் மெல்ல நகர்த்துவதே முறை. நகர இயலாது காத்திருக்க நேர்ந்தால், புகைபோக்கிக் குழாயைப் பனி மூடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். அது அடைபட்ட நிலையில் சூட்டுக்காக எஞ்சினை ஓட்டினால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரைப் பறிக்கும். 2022 சனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகரில் பனியில் சிக்கிய ஊர்திகளில் 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர்; குளிருடன் இவ்வளிமமும் காரணமாகக் கூறப்பட்டது. எஞ்சினை இயக்குமுன் ஒவ்வொரு முறையும் இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றி, சிறிது நேரம் மட்டுமே ஓட்டி, காற்று வீசாத பக்கத்துச் சன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும்.