பதவியை உதறிய தளபதி

1971-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி.

டாக்கா நகரம் கொதித்துக்கொண்டு இருந்தது. இன்று வங்காளதேசம் என்று தனி நாடாக இருக்கும் பகுதி, அப்போது கிழக்கு பாகிஸ்தான். டாக்கா அதன் தலைநகரம்.

அங்கே ராணுவத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் யாகூப்கான் ராஜினாமா செய்தார்!

போர் முனையில் தோற்றவர் அல்ல அவர். பிறகு ஏன் ராஜினாமா?

சிறையில் தமிழர்

யாகூப்கான் 1920-ல் பிறந்தவர். ராம்பூர் நவாப் குடும்பம். டேராடூனில் ராணுவப் பயிற்சி பெற்றார். 2-வது உலகப்போரில், 1942-ல் வடஆப்பிரிக்காவில் எதிரிகளிடம் சிக்கினார். இத்தாலியில் சிறை வைத்தார்கள்.

அதே முகாமில் ஒரு தமிழரும் இருந்தார். பிற்காலத்தில் இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதியான குமாரமங்கலம்தான் அவர்! இருவரும் தப்பி ஓடி, மீண்டும் பிடிபட்டார்கள்.

அங்கு இருந்த இன்னொருவர் யாகியாகான். பின்னாளில் பாகிஸ்தான் ஜனாதிபதி ஆனவர்.

நாணயம் சுண்டினார்கள்

1947-ல் நாடு பிரிந்தது. வைஸ்ராயின் மெய்க்காவல் படையையும் பங்கு போட்டார்கள். தங்க முலாம் பூசிய குதிரை வண்டி யாருக்கு என்பதில் போட்டி. நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். பாகிஸ்தானுக்காக நின்றவர் யாகூப்கான். பூவா தலையா விளையாட்டில் அவர் தோற்றார். வண்டி டெல்லியிலேயே தங்கிவிட்டது.

தேர்தல் வந்தது

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் தேர்தல். ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சிக்கு பெரும்பான்மை கிடைத்தது. ஆனால், கூட வேண்டிய சபையை மார்ச் 1-ந் தேதி யாகியாகான் தள்ளிவைத்துவிட்டார். வங்காளிகள் தெருவில் இறங்கினார்கள். ஊரடங்கு உத்தரவு, துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி.

கிளர்ச்சி வந்தால் ராணுவத்தைக் கொண்டு அடக்குவதற்கான திட்டத்தை முன்பு தயாரித்தவரே யாகூப்கான்தான். தான் போட்ட திட்டத்தைத் தானே கைவிட யாருக்கு மனம் வரும்? அவருக்கு வந்தது. வங்காள மொழியைக் கற்றுக்கொண்டவர் அவர். துப்பாக்கியால் இது தீராது, பேசித்தான் தீர்க்க வேண்டும் என்று கண்டுகொண்டார்.

டாக்காவுக்கு நேரில் வரும்படி யாகியாகானை கேட்டார். பழைய சிறைத் தோழர் வர மறுத்தார். யாகூப்கான் பதவியை உதறினார்.

அவருடைய இடத்துக்கு டிக்காகான் வந்தார். மார்ச் 25-ந் தேதி இரவு டாக்காவில் பீரங்கிகள் முழங்கின. டிசம்பர் 16-ந் தேதி பாகிஸ்தான் படை இந்திய தளபதியிடம் சரண் அடைந்தது. கைதிகள் சுமார் 93 ஆயிரம் பேர்.

யாகூப்கானின் ராணுவ வாழ்க்கை மார்ச் மாதமே முடிந்துபோயிருந்தது. பிறகு அமெரிக்கா, ரஷியா, பிரான்சு நாடுகளில் தூதராக இருந்தார். 1982-ல் வெளிநாட்டு மந்திரி ஆனார். 2016 ஜனவரி 26-ந் தேதி, 95 வயதில் இஸ்லாமாபாத்தில் காலமானார்.