தாங்கியில் நிலைநிறுத்திய நொதி: ஒசாகா, 1969

உயிரணுக்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களான நொதிகள் நீரில் கரைந்துவிடுவதால், வினை முடிந்தபின் அவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவது கடினம். கரியின் பரப்பில் ஒட்டிய பின்னும் இன்வர்டேஸ் நொதி சர்க்கரையைச் சிதைக்கும் திறனை இழப்பதில்லை என்பதை நெல்சனும் கிரிஃபினும் அமெரிக்காவில் 1916-இல் கண்டனர். எனினும் இவ்வழி தொழிற்சாலையை எட்ட அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஜப்பானின் தனாபே மருந்து நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டாவின் குழுவினர், கோஜிப் பூஞ்சையிலிருந்து பெற்ற அமினோஅசைலேஸ் நொதியை, நேர்மின்னூட்டத் தொகுதிகள் கொண்ட செஃபடெக்ஸ் மணிகளில் மின்கவர்ச்சியால் பிணைத்து, அம்மணிகளை நிரப்பிய உருளைக்கலத்தின் வழியே அசைல் அமினோ அமிலக் கரைசலைத் தொடர்ந்து செலுத்தினர். இவ்வமிலத்தின், ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இரு வடிவங்களுள், உடல் புரதமாக்கப் பயன்படுத்தும் எல்-வடிவத்தின் அசைல் தொகுதியை மட்டுமே நொதி நீக்குவதால், அவ்வடிவத்தைத் தனியே பிரிப்பது எளிதாயிற்று. எஞ்சிய டி-வடிவம் சூடாக்கப்பட்டு, இரு வடிவங்களின் கலவையாக மாறி, மீண்டும் கலத்துக்குள் சென்றது. இம்முறையின் உண்மையான நுட்பம் பிணைப்பின் மென்மையிலேயே உள்ளது: நாளடைவில் நொதியின் செயல்திறன் குறைந்தபோதும், மணிகளை அகற்றாமல், புதிய நொதிக் கரைசலைச் சேர்த்தே கலத்தைப் புதுப்பிக்க முடிந்தது.