10 யூரோ ஒயின்ல ஒயினுக்குப் போற காசு எவ்வளவு?

குடிக்கச் சொல்லி எழுதுற பதிவுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு பொருளோட விலை எப்படி உருவாகுதுன்னு புரிஞ்சுக்க ஒயின் பாட்டில் மாதிரி நல்ல உதாரணம் கிடைக்காது, அதனாலதான் இந்தத் தலைப்பு.

ஸ்பெயின்ல கத்தலோனியா பகுதியில, பார்சிலோனாவுக்குப் பக்கத்துல விலாஃப்ராங்கா தெல் பெனடெஸ்னு ஒரு ஊர். அங்க டோரஸ் குடும்பம் 1954-ல அறிமுகப்படுத்தின சிவப்பு ஒயின்தான் 'சாங்ரே தெ தோரோ'. காளையின் ரத்தம்னு அர்த்தம். கர்னாச்சா, கரிஞேனான்னு அந்த ஊர் திராட்சை ரகங்கள்ல செய்றது. பாட்டில் கழுத்துல குட்டியா ஒரு பிளாஸ்டிக் காளை தொங்கும். லேபிளைப் படிக்கத் தெரியாதவர்கூட "அந்தக் காளை பாட்டில் குடுங்க"ன்னு கேட்டு வாங்கலாம். இதைவிட மலிவான மார்க்கெட்டிங் எனக்குத் தெரிஞ்சு இல்ல! ஸ்பெயின் சூப்பர் மார்க்கெட்ல 10 யூரோவுக்குள்ளயே கிடைக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஸ்பெயின்ல ஒயினுக்குக் கலால் வரி பூஜ்ஜியம், வாட் மட்டும் 21%. ஒரு உதாரணத்துக்கு, வரி போக மீதி விலையில கடைக்காரர் 30% எடுத்துக்கிறார்னு வெச்சுக்கலாம். பாட்டில், கார்க், லேபிள், பெட்டி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 1.50 யூரோ.

5 யூரோ பாட்டில்ல வாட் 87 சென்ட் போயிடும். மீதி 4.13. அதுல கடைக்காரர் பங்கு 1.24, பாட்டில் செலவு 1.50. ஒயினுக்குன்னு மிஞ்சுறது 1.39 யூரோதான். திராட்சை வாங்குறது, கூலி, கம்பெனி லாபம் எல்லாமே இதுக்குள்ள அடங்கணும். அதே கணக்கை 10 யூரோ பாட்டிலுக்குப் போட்டுப் பாருங்க: ஒயினுக்கு 4.28 யூரோ கிடைக்கும். நாம கொடுத்தது ரெண்டு மடங்கு, உள்ள இருக்கிற சரக்குக்குப் போனது மூணு மடங்கு! கண்ணாடி பாட்டிலுக்கு உள்ள இருக்கிறது மலிவா உசத்தியான்னு தெரியாது, அதோட செலவு ஒண்ணுதான். அதுக்காக 50 யூரோ பாட்டில் இன்னும் பல மடங்கு நல்லா இருக்கும்னு அர்த்தமில்ல. அங்க பேருக்கும் அரிதா கிடைக்கிறதுக்கும் சேர்த்துக் காசு கொடுக்குறோம்.

நம்ம ஊர்ல இந்தக் கணக்கு தலைகீழா போகும். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா பல வருஷமா போட்டு வந்த சுங்க வரி 150%. துறைமுகத்துல 3 யூரோ மதிப்புல இறங்குற பாட்டில், வெளிய வரும்போதே 7.50 ஆயிடும். அதுக்கு மேல மாநில வரி, இறக்குமதியாளர் லாபம், கடை அல்லது ஹோட்டல் லாபம். அங்க தினசரி சாப்பாட்டோட வைக்கிற பட்ஜெட் ஒயின், இங்க ஸ்டார் ஹோட்டல் மெனுவுல கெத்தா உக்காந்திருக்கும். விலையைப் பாத்து தரத்தை எடை போடுறவங்க இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்.

சரி, இவ்வளவு குறைஞ்ச விலையில ஒரு கம்பெனி 150 வருஷத்துக்கு மேல எப்படித் தாக்குப் பிடிக்குது?

ஆரம்பமே சுவாரஸ்யம். கத்தலோனியாவுல குடும்பச் சொத்து மூத்த பையனுக்குப் போற வழக்கம் இருந்தது. இளையவரான ஜெய்மே டோரஸ் பிழைப்பு தேடி கியூபா போனார். எண்ணெய் வியாபாரத்துலயும் கப்பல் தொழில்லயும் சம்பாதிச்சுட்டுத் திரும்பினார். காசு இவர்கிட்ட, திராட்சைத் தோட்டம் அண்ணன் மிகேல்கிட்ட. 1870-ல ரெண்டையும் சேர்த்துத் தொடங்கினதுதான் கம்பெனி.

1939 ஜனவரி, உள்நாட்டுப் போரோட கடைசிக் கட்டம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல இருந்த ஒயினாலை குண்டுவீச்சுல நொறுங்கிப் போச்சு. மூணாவது தலைமுறை மிகேல் டோரஸ் கார்போ அதைத் திரும்பக் கட்டினார். ஆனா பழைய மாதிரி பீப்பாய்ல மொத்தமா விக்கிறதை விட்டுட்டு, சொந்தப் பேர்ல பாட்டில்ல விக்க ஆரம்பிச்சார். யோசிச்சுப் பாருங்க, பீப்பாய்ல வித்தா விலையை வியாபாரி முடிவு பண்ணுவார். பாட்டில்ல நம்ம பேர் இருந்தா, பேரம் பேசுற பலம் நம்ம கைக்கு வரும். சாங்ரே தெ தோரோ பிறந்தது இந்த முடிவுக்கு அப்புறம்தான்.

அவர் பையன் மிகேல் டோரஸ் பிரான்ஸ்ல திஜோன்ல ஒயின் படிச்சவர். 1960-கள்ல மாஸ் லா பிளானா தோட்டத்துல கேபர்னே சாவின்யோன் நட்டார். அதுல வந்த 1970 ஒயின், 1979-ல பாரிஸ்ல கோ-மியோ நடத்துன போட்டியில ஷதோ லதூரையே முந்துச்சு. நட்டதுக்கும் ஜெயிச்சதுக்கும் நடுவுல பத்து வருஷத்துக்கு மேல இடைவெளி! அவ்வளவு நாள் பொறுத்திருக்கணும்னா, மாசாமாசம் காசு கொண்டு வர்ற சரக்கு ஒண்ணு வேணும். காளை பாட்டில் மாதிரி மலிவான சரக்குகளோட வேலை அதுதான்.

இப்பவும் அதே கணக்குதான். பூமி சூடாகுதுன்னு பைரனீஸ் மலையடிவாரத்துல, த்ரெம்ப் பக்கம், சுமார் 950 மீட்டர் உயரத்துல நிலம் வாங்கித் திராட்சை நட்டு வெச்சிருக்காங்க. புதுசா நட்ட கொடி சரியான அறுவடை தரவே மூணு வருஷம் ஆகும், நல்ல ஒயினுக்கு இன்னும் கூட. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிசல்ட் கேக்குற முதலீட்டாளர்கள்கிட்ட இதை விளக்கிச் சமாளிக்கிறது கஷ்டம். டோரஸுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கம்பெனி இன்னும் குடும்பத்துகிட்டயே இருக்கு, பங்குச் சந்தையில இல்ல. அதனால நம்ம டிமேட் கணக்குல இதைச் சேர்க்கவும் வழியில்ல.