கற்கச் செல்லும் நாடு

நுழையும்முன்

ஐரோப்பா என்பது ஒரு நாடன்று. அங்குள்ள ஒவ்வொரு நாட்டிற்கும் தனிச்சட்டம் உண்டு; மொழிகளும் பல. ஒரு நாட்டில் கட்டணமின்றிப் பயிலக்கூடிய பாடத்திற்கு, எல்லையைக் கடந்தால் ஆண்டுதோறும் பல இலட்சம் ரூபாய் செலுத்த நேரிடும். இவ்வேறுபாட்டை அறியாமல், எவரேனும் சொன்ன நாட்டின் பெயரையே இலக்காகக் கொள்ளும் மாணவர் பலர். அயல்நாட்டு மாணவர் ஒருவர் தமக்குரிய நாட்டை எவற்றைக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அயலூர் மாணவர் உருவாக்கிய கல்விக்கூடம்

இத்தாலியின் பொலோனியா நகரிலுள்ள பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதாக மரபுவழிக் கூறப்படுகிறது. உரோமானியச் சட்டத்தைக் கற்பதற்காக ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் மாணவர்கள் அங்கு வந்தனர். அந்நகரின் குடிமக்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. ஒருவர் பட்ட கடனுக்காக, அவருடைய நாட்டைச் சேர்ந்த வேறொருவரின் உடைமையைப் பறிக்கும் வழக்கமும் அன்று இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேரரசர் முதலாம் பிரெடரிக் அவ்வழக்கத்தைத் தடைசெய்து, கல்வி நாடி வருவோருக்குப் பாதுகாப்பு அளித்தார். மாணவர்களும் நாடுவாரியாகக் குழுக்களாக இணைந்தனர். தாமே ஆசிரியர்களை அமர்த்தி ஊதியம் வழங்கினர். காலந்தாழ்த்தி வகுப்பைத் தொடங்கிய ஆசிரியருக்குத் தண்டமும் விதித்தனர். இன்றைய மாணவர் கேட்டால் வியப்படையக்கூடிய ஏற்பாடு அது. 'யுனிவர்சிட்டாஸ்' என்னும் இலத்தீன் சொல் அன்று குறித்தது அத்தகைய கூட்டமைப்பையே. ஐரோப்பாவின் மிகப்பழைய பல்கலைக்கழகம், அயலிடத்து மாணவர்கள் தம் பாதுகாப்பிற்காக ஒன்றுசேர்ந்ததால் வலுப்பெற்றது.

அதே நகரில் 1999 ஜூன் 19 அன்று 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த பட்டங்களை இளநிலை, முதுநிலை என்னும் பொதுப் படிநிலைகளுக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். முனைவர் பட்டம் பின்னர் மூன்றாம் படிநிலையாகச் சேர்க்கப்பட்டது. ஓராண்டு முழுநேரப் படிப்பிற்கு 60 பாடப்புள்ளிகள் என்னும் அளவுகோலும் பரவலாயிற்று. இதன்படி மூன்றாண்டு இளநிலைப் பட்டம் 180 புள்ளிகளைக் கொண்டது. லிஸ்பனில் பெற்ற புள்ளியை வார்சாவிலுள்ள பல்கலைக்கழகம் புரிந்துகொள்ள இன்று இடர்ப்பாடில்லை.

பட்டங்களின் வடிவம் இவ்வாறு ஒன்றுபட்டது. எனினும், கல்விக்கான செலவை யார் ஏற்பது, எம்மொழியில் கற்பிப்பது, படித்து முடித்த அயல்நாட்டவர் எத்தனை காலம் தங்கலாம் என்பனவற்றை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படியே முடிவுசெய்கிறது. நாட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஆராய வேண்டியவை இவையே.

கட்டணமில்லாக் கல்வியின் விலை

'ஜெர்மனியில் கல்வி இலவசம்' என்னும் தொடர் தமிழகத்தில் பலரும் கேட்டதே. அதில் உண்மை உண்டு; ஆயினும் அது முழு உண்மையன்று.

ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. 2005 ஜனவரியில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், கல்விக்கட்டணத்திற்கு நடுவண் அரசு விதித்திருந்த தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஏழு மாநிலங்கள் பருவமொன்றுக்கு 500 யூரோ வரை கட்டணம் பெறத் தொடங்கின. மாணவர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். தேர்தல் மேடைகளிலும் இது பேசுபொருளாயிற்று. கட்டணம் விதித்த மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டன. இறுதியாகக் கீழ்ச் சாக்சனி மாநிலம் 2014இல் கைவிட்டது. ஆகவே, இன்றைய இலவசக் கல்வி அந்நாட்டின் பழமையான மாறாத மரபன்று. அண்மையில் மக்கள் போராடி மீட்டுக்கொண்ட உரிமை.

அவ்வுரிமையை மீட்டவர்கள் அந்நாட்டு வாக்காளர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அயல்நாட்டு மாணவருக்கு வாக்கு இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோருக்கு மட்டும் பருவத்திற்கு 1,500 யூரோ கட்டணம் விதித்தது. பவேரியாவிலுள்ள மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25ஆம் கல்வியாண்டு முதல் அத்தகைய புதிய மாணவரிடம், பாடத்திற்கேற்பப் பருவத்திற்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை பெறுகிறது. பிற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில், சில நூறு யூரோவுக்கு மேற்படாத பருவப் பங்களிப்புத் தொகையே போதுமானது. பல இடங்களில் நகரப் பேருந்துக்கும் தொடர்வண்டிக்குமான பயணச்சீட்டும் அதில் அடங்கும். இவ்வாறு ஒரே நாட்டிற்குள்ளும் மாநிலத்தையும் பல்கலைக்கழகத்தையும் பிரித்தறிய வேண்டியுள்ளது.

வட ஐரோப்பாவின் வரலாறு இதனினும் தெளிவானது. ஐரோப்பிய நாடுகளுக்கு அப்பாலிருந்து வரும் மாணவருக்கு டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் கட்டணத்தை நடைமுறைப்படுத்தின. நான்கு நாடுகளிலும் தம் நாட்டவர்க்குக் கல்வி இன்றும் கட்டணமற்றதே. பத்தாண்டுகளுக்கு முன் அங்குப் பயின்ற உறவினரின் அறிவுரை, இன்று செல்பவருக்கு அப்படியே பொருந்தாது.

பிரான்சு 2019இல் அயல்நாட்டவர்க்கான ஆண்டுக் கட்டணத்தை இளநிலைக்கு 2,770 யூரோ எனவும், முதுநிலைக்கு 3,770 யூரோ எனவும் உயர்த்தியது. மாணவர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு அக்டோபரில் அரசியலமைப்பு அவை, கட்டணமற்ற பொதுக்கல்வி என்னும் கொள்கை உயர்கல்விக்கும் பொருந்தும் எனவும், மிதமான கட்டணம் பெறுவதற்குத் தடையில்லை எனவும் கூறியது. மிதமானது எது என்பதில் வழக்காடுவோர் ஒத்துப்போவது எளிதன்று. பல்கலைக்கழகங்கள் பல, தமக்குள்ள விலக்களிக்கும் உரிமையைப் பயன்படுத்தி, அயல்நாட்டு மாணவரிடமும் பழைய குறைந்த கட்டணத்தையே பெற்றன. எனவே, பிரான்சில் சேர விரும்புபவர் நாட்டின் விதியோடு பல்கலைக்கழகத்தின் முடிவையும் கேட்டறிதல் வேண்டும்.

உண்பதற்கும் உறங்குவதற்கும்

கட்டணம் இல்லாவிடினும் வாழ்க்கைச் செலவு உண்டு. ஜெர்மனிக்கு விசா வேண்டுவோர் ஓராண்டுச் செலவுக்கான தொகை தம்மிடம் உள்ளதை மெய்ப்பிக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ ஆகும். ஒரு யூரோவை நூறு ரூபாய் எனக் கொண்டால், ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய். பெரும்பாலோர் இதனை முன்கூட்டியே ஒரு கணக்கில் செலுத்துகின்றனர். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். இது கட்டணமன்று, மாணவரின் சொந்தப் பணமே. எனினும், புறப்படும் முன்பே அதனை முழுமையாகத் திரட்ட வேண்டியிருப்பதால், நகையையோ நிலத்தையோ ஈடுவைக்கும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. மியூனிக் போன்ற பெருநகரங்களில் வாடகையே இத்தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதே மாதத்தொகையைக்கொண்டு கிழக்கு ஜெர்மனியின் சிறுநகரங்களில் ஓரளவு இயல்பாக வாழலாம். நெதர்லாந்தில் உறைவிடப் பற்றாக்குறை முற்றியபோது, தங்குமிடம் உறுதியாகாதவர் வரவேண்டா எனப் பல்கலைக்கழகங்களே அயல்நாட்டு மாணவருக்கு அறிவுறுத்தின.

பகுதிநேர வேலையால் முழுச்செலவையும் ஈடுசெய்யலாம் என்னும் கணக்கு பெரும்பாலும் பொய்க்கும். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாள்கள் வேலைசெய்யலாம். உள்ளூர் மொழி அறியாதவருக்கு அந்த வேலையும் அரிதாகவே கிட்டும்.

மொழி திறக்கும் கதவுகள்

இங்குதான் மாணவர் பலர் கணக்கில் தவறுகின்றனர். ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளில் ஆங்கிலவழிப் படிப்புகள் முதுநிலையிலேயே மிகுதி. அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் அந்நாட்டு மொழியிலேயே அமைந்துள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் செல்ல விரும்புபவர் அம்மொழியில் விரிவுரை கேட்டு, குறிப்பெடுத்து, தேர்வெழுதும் அளவிற்குத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பு தேவைப்படும். அயர்லாந்து, பிரிட்டன் ஆகியவற்றில் இத்தடை இல்லை. அங்குக் கல்விக்கட்டணமோ மிகுதி. மொழிக்கென ஓராண்டைச் செலவிடுவதா, ஆங்கிலத்திற்கெனப் பணத்தைச் செலவிடுவதா என்பதே இவ்விரு வழிகளுக்கும் இடையிலான கேள்வி. வசதி குறைந்த குடும்பத்து மாணவருக்கு முதல்வழியே ஏற்றது.

மொழியைக் கற்றவருக்குக் கிடைப்பது மதிப்பெண் மட்டுமன்று. இலங்கையில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1934 முதல் 1939 வரை உரோம் நகரில் இறையியல் பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அவர் கற்றுத் தேர்ந்தார். போர்ச்சுகீசியத் துறவி அந்தாம் தெ புரொயன்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியின் படியொன்றை, வத்திக்கான் நூலகத்தில் 1954இல் கண்டறிந்தவர் அவரே. அவ்வகராதியை அவர் 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். ஆங்கிலத்தை மட்டும் அறிந்து அந்நூலகத்தில் நுழைந்த ஒருவருக்கு, அந்நூலின் அருமை புலப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

நுழைவாயிலில் கேட்கப்படுபவை

இந்திய மேல்நிலைக் கல்விச் சான்றிதழ் மட்டும் கொண்டவர் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் பொதுவாக நேரடியாகச் சேர இயலாது. ஆயத்தப் பள்ளியில் ஓராண்டு பயின்று தேர்வில் வெல்லலாம். அல்லது இந்தியக் கல்லூரியில் முதலாண்டை வெற்றியுடன் முடித்து, அதே துறையில் விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. உயர்நிலைத் தேர்வில் தகுதி பெற்றவருக்குப் பொறியியல், இயற்கை அறிவியல் ஆகியவற்றில் நேரடி வாய்ப்பு உண்டு. இவர்கள் அனைவரும் தம் சான்றிதழ்கள் மெய்யானவை என்பதற்கு, புதுதில்லியில் இயங்கும் கல்வித் தகுதி ஆய்வு மையத்தின் சான்றினைப் பெற வேண்டும். இது 2022 நவம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையும் வேறு. அங்கு 1 என்பதே உயர்ந்த தரம். 4 என்பது வெறும் தேர்ச்சி. பட்டப்படிப்பில் 75 மதிப்பெண் பெற்றவரைக் கொள்வோம். உச்ச மதிப்பெண்ணான 100இலிருந்து 75ஐக் கழித்தால் 25. உச்சத்திற்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் அதனை வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 50 எனில் விடை 2.5, தேர்ச்சி மதிப்பெண் 40 எனில் 2.25. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரின் தரம், அவரவர் கல்லூரியின் தேர்ச்சி விதியால் மாறுவதைக் காணலாம்.

மருத்துவம்: தனிக்கணக்கு

மருத்துவம் பயில விரும்புபவர் செல்லும் நாட்டின் விதியோடு தாய்நாட்டின் விதியையும் பார்த்தாக வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, அயல்நாட்டுப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடித்தல் வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாதல் வேண்டும். நீட் தேர்வில் தகுதியும் தேவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், திரும்பி வந்தபின் இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவராக இயலாது. குறைந்த செலவை நம்பி உக்ரைனில் சேர்ந்திருந்த இந்திய மாணவர் பல்லாயிரவர், 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினர். அவர்களுள் தமிழக மாணவரும் பலர். அவர்கள் இந்தியக் கல்லூரிகளில் தொடர்ந்து பயில விதிகள் இடந்தரவில்லை. ஐந்தாண்டுகளுக்கு மேல் தங்கவேண்டிய நாட்டின் எல்லையில் நிலவும் அமைதியும் கட்டணப் பட்டியலோடு சேர்த்து எண்ணத்தக்கதே.

பட்டத்திற்குப் பின்

கல்விக்கடன் பெற்றவருக்குப் படிப்பு முடிந்தபின் வேலை தேடக் கிடைக்கும் காலம் முதன்மையானது. ஜெர்மனி 18 மாதங்களை அளிக்கிறது. அயர்லாந்து முதுநிலை முடித்தவருக்கு இரண்டாண்டுகளை அளிக்கிறது. ஒரே நாட்டைத் தேர்ந்தெடுக்க மனமில்லாதவருக்கும் வழியுண்டு. 2004இல் தொடங்கிய 'எராஸ்மஸ் முண்டஸ்' திட்டத்தில் முதுநிலை மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் பயில்வர். உதவித்தொகை பெறுவோருக்குக் கட்டணம் இல்லை.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்திற்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜூலை 15உடன் முடிவடைகின்றன. தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வழக்கமாக மே மாதத்தில் வெளியாகும். அவ்விரு மாத இடைவெளியில் சான்றிதழ் சரிபார்ப்பையும் மொழித்தேர்வையும் ஒருசேர முடிக்க இயலாது. சென்னையிலுள்ள மாக்ஸ் முல்லர் பவனிலும் அலியான்ஸ் பிரான்சேசிலும் முறையே ஜெர்மன், பிரெஞ்சு மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றின் தொடக்கநிலை வகுப்பில் பதினொன்றாம் வகுப்பு மாணவரும் சேரலாம்.